பார்படோஸில் பஸ் ஏறிய ஒரு வாரம்

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே சாலையின் இந்தப் பக்கம் ஒரு கம்பம், அந்தப் பக்கம் ஒரு கம்பம். இரண்டின் உச்சியிலும் தட்டு மாதிரி வட்டமான பலகை. ஒன்றில் 'டு சிட்டி', மற்றதில் 'அவுட் ஆஃப் சிட்டி'. பஸ் எண் கிடையாது, ஊர்ப் பெயர் கிடையாது, எத்தனை மணிக்கு வரும் என்ற பேச்சே கிடையாது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "சிட்டின்னா எந்த சிட்டிம்மா?" என்றார். பார்படோஸில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. சிட்டி என்றால் தலைநகரம் பிரிட்ஜ்டவுன். தீவில் எந்த நிறுத்தத்தில் நின்றாலும் ஒன்று பிரிட்ஜ்டவுனை நோக்கிப் போகிறீர்கள், இல்லையென்றால் அதை விட்டு விலகிப் போகிறீர்கள். மூன்றாவதாக ஒரு திசை அந்தப் பலகைகளுக்குத் தெரியாது.

2025 பிப்ரவரியில் போனோம். நான் டொராண்டோவில் இருக்கிறேன், அப்பா சென்னையிலிருந்து வந்து எங்களோடு குளிரில் மாட்டிக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரடி விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், இறங்கினால் வெயில். கரீபியனில் எத்தனையோ தீவு இருக்க ஏன் பார்படோஸ் என்றால் அதற்கு அப்பாதான் காரணம். திருவல்லிக்கேணிக்காரர். 1971ல் நம் அணி வெஸ்ட் இண்டீஸுக்குப் போனபோது அவருக்குப் 17 வயது. நம்ம வெங்கட்ராகவன் துணைக் கேப்டன், கவாஸ்கருக்கு அதுதான் முதல் தொடர், பிரிட்ஜ்டவுன் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 117. அதெல்லாம் காலைப் பேப்பரில் ஸ்கோரைப் படித்துப் படித்தே அவருக்கு மனப்பாடம். ஆக, 'பிரிட்ஜ்டவுன்' என்ற சொல்லை என் பெயர் தெரிவதற்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவர் அவர்.

முதல் இரண்டு நாள் கார் எடுத்தோம். வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்த எண்ணம்தான் வரும். நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23 கிலோமீட்டர், ஒரு பகலில் சுற்றி முடித்துவிடலாம் என்று தோன்றும். வெளியூர்க்காரர்கள் தனியாக ஒரு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வாடகைக் காரின் நம்பர் பலகை 'எச்' என்ற எழுத்தில் தொடங்கும், அதைப் பார்த்ததும் உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் பொறுமையாக வழி விடுவார்கள். இடது பக்கம் ஓட்டும் ஊர். கனடாவில் பன்னிரண்டு வருடம் வலது பக்கம் ஓட்டிய எனக்கு முதல் அரை மணி நேரம் நெஞ்சு படபடவென்று இருந்தது, அப்புறம் சென்னையில் ஸ்கூட்டர் ஓட்டிய பழக்கம் திரும்பி வந்துவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. 431 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1,600 கிலோமீட்டருக்கும் மேல் சாலை இருக்கிறது. ஒரு காலத்தில் தீவு முழுக்கக் கரும்புத் தோட்டம், தோட்டத்துக்குத் தோட்டம், ஆலைக்கு ஆலை வண்டிப்பாதை. அவை எல்லாம் இன்று தார்ச்சாலை. பிப்ரவரியில் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது, இரண்டு பக்கமும் பச்சைச் சுவர், நடுவே ஒரு காரும் கொஞ்சம் இடமும், திடீரென்று நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு சந்திப்பு. எதிரே என்ன வருகிறது என்று மூக்கை நீட்டித்தான் பார்க்க வேண்டும். செயின்ட் ஜார்ஜ் பாரிஷில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரே பெட்டிக்கடையை மூன்று முறை கடந்தோம். மூன்றாவது முறை அங்கே டாமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து ஜன்னலில் கை வைத்து, சர்ச்சைத் தாண்டி, ரம் கடையைத் தாண்டி, பெரிய பிரெட்ஃப்ரூட் மரத்தில் இடது பக்கம் என்று வழி சொன்னார். நமக்கு ஈரப்பலா தெரியும் என்பதால் சரியாகத் திரும்பினோம்.

அன்று ராத்திரி அப்பா சொன்னார்: "ரெண்டு நாளா ஊரைப் பார்த்தோம், ஒரு மனுஷனைப் பார்க்கலையேம்மா. அந்த டாமினோக்காரர் ஒருத்தர்தான்." அது என் மனதில் தைத்துவிட்டது. மறுநாள் காலை காரைத் திருப்பிக் கொடுத்தேன்.

இனி பஸ் கதை. பார்படோஸில் மூன்று வகை பஸ் ஓடுகிறது, நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். நீல நிறத்தில் மஞ்சள் பட்டை போட்டது அரசுப் பேருந்து. மஞ்சள் நிறத்தில் நீலப் பட்டை போட்டது தனியார் மினி பஸ். வெள்ளை நிறத்தில் அரக்குப் பட்டை போட்ட வேன் மூன்றாவது, அதன் நம்பர் பலகை 'இசட்.ஆர்.' என்று தொடங்கும் என்பதால் அதன் பெயரே இசட்.ஆர். மூன்றிலும் கட்டணம் ஒன்றுதான், நாங்கள் போனபோது மூன்றரை பார்படோஸ் டாலர். இரண்டு பார்படோஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலருக்குச் சமம், ஆக ஒண்ணேமுக்கால் டாலர். பக்கத்து நிறுத்தத்தில் இறங்கினாலும் அதே காசு, தீவின் அந்தக் கோடிக்குப் போனாலும் அதே காசு.

அரசுப் பேருந்தில் கண்டக்டர் இல்லை. டிரைவர் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் சரியான சில்லறையைப் போட வேண்டும், மீதி தர மாட்டார்கள். அதனால் அந்த வாரம் முழுக்க நாங்கள் சில்லறை சேர்ப்பதையே ஒரு வேலையாகச் செய்தோம். அங்கே ஒரு டாலர் நாணயம் ஏழு மூலை உள்ளது, ஒரு பக்கம் பறக்கும் மீன். கையில் எடுத்தால் விரலுக்கு மூலை தெரியும், பார்க்காமலே பையிலிருந்து எண்ணி எடுக்கலாம். ஐந்து டாலர் நோட்டு நீட்டினால் மினி பஸ்ஸிலும் இசட்.ஆரிலும் மீதி கிடைக்கும். ஆனால் ஐந்து டாலர் நோட்டில் அப்பாவுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. அதில் இருப்பது ஃபிராங்க் வொரெல்.

விமான நிலையத்தில் பணம் மாற்றியபோதே அதைப் பார்த்துவிட்டார். ஒரு கிரிக்கெட் வீரரை நாட்டின் பணத்தில் போட்டிருக்கிறார்களே என்று நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்றிலிருந்து ஐந்து டாலர் நோட்டு எது வந்தாலும் அவர் பைக்குள் போய்விடும், செலவுக்குப் பத்தும் இருபதும் நான் தர வேண்டும்.

இசட்.ஆரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெற்குக் கடற்கரை நெடுக ஓடும் 11ஆம் எண் வேன் எங்கள் வாசலிலேயே நிற்கும். பிரிட்ஜ்டவுனிலிருந்து ஹேஸ்டிங்ஸ், வொர்த்திங், ஆய்ஸ்டின்ஸ் வழியாக சில்வர் சாண்ட்ஸ் வரை. நீங்கள் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே ஹாரன் அடித்துக்கொண்டு உங்களைத் தேடி வரும். பக்கக் கதவு சர்ரென்று திறக்கும், கண்டக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டி "டவுன்? டவுன்?" என்பார். உள்ளே வரிசைக்கு மூன்று இருக்கை, நடைபாதையில் மடக்கி விரிக்கும் இருக்கை ஒன்று. எல்லாம் நிரம்பிவிட்டது என்று நீங்கள் நினைக்கும்போது "ஸ்மால் அப்" என்று ஒரு குரல் வரும். கொஞ்சம் சுருக்கி உட்காருங்கள் என்று அர்த்தம். உடனே அத்தனை பேரும் தோளைக் குறுக்குவார்கள், அந்த இடைவெளியில் இன்னும் ஒருவர் உட்கார்ந்துவிடுவார். பின்வரிசையில் ஒருவர் இறங்க வேண்டுமென்றால் மடக்கு இருக்கைக்காரர்கள் எல்லாரும் எழுந்து, இருக்கையை மடக்கி, சிலர் கீழேயே இறங்கி நின்று வழி விட்டு, மறுபடி ஏறி உட்கார வேண்டும். யாரும் முகம் சுளிப்பதில்லை. காசு பின்னாலிருந்து கைமாறிக் கைமாறிக் கண்டக்டரிடம் போகும், மீதியும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். பாட்டு மட்டும் காதைப் பிளக்கும். சோகா, டான்ஸ்ஹால், அடி வயிற்றில் தாளம் இடிக்கும். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அவருக்கு அது பொருட்டாகவே இல்லை. எனக்குத் தலைவலி வந்தது, உண்மையைச் சொல்கிறேன், ஆனாலும் மறுநாளும் அதில்தான் ஏறினோம்.

முதல் நாள் நாங்கள் ஒரு தவறு செய்தோம். ஏறினோம், உட்கார்ந்தோம், ஜன்னல் பக்கம் பார்த்தோம். வேனில் ஒரு மாதிரி அமைதி. அடுத்த நிறுத்தத்தில் ஒரு பாட்டி தொப்பி வைத்துக்கொண்டு ஏறினார், படியில் கால் வைத்ததுமே "குட் மார்னிங்" என்றார், பொதுவாக, யாரையும் பார்க்காமல். வேன் முழுக்க ஒரே குரலில் "குட் மார்னிங்" என்றது. அடுத்து ஏறிய பள்ளிப் பையனும் சொன்னான், அவனுக்கும் பதில் வந்தது. அப்போதுதான் புரிந்தது. பார்படோஸில் ஒரு பஸ்ஸில் ஏறுவது என்பது ஒரு வீட்டுக்குள் நுழைவது மாதிரி, உள்ளே இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். கடையிலும் அப்படித்தான், வழி கேட்டாலும் அப்படித்தான். வணக்கம் சொல்லாமல் "இந்த பஸ் எங்கே போகும்" என்று கேட்டால் பதில் வரும், ஆனால் சுருக்கமாக வரும். இதை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து. மறுநாள் அப்பா படியில் ஏறியதும் கணீரென்று "குட் மார்னிங்" என்றார். பின்வரிசை வரைக்கும் பதில் வந்தது. ஒரு பெண் எழுந்து அவருக்கு முன் இருக்கையைக் கொடுத்தார்.

நகரத்துக்குள் போனால் பஸ் நிலையங்கள் பிரிந்து பிரிந்து இருக்கின்றன, இது தெரியாமல் அலைந்தோம். தெற்கேயும் கிழக்கேயும் போகும் அரசுப் பேருந்து ஃபேர்சைல்ட் தெருவில் நிற்கும், மேற்கேயும் வடக்கேயும் போவது நகரத்தின் மறு ஓரத்தில் நிற்கும், இசட்.ஆருக்குத் தனி நிலையங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் மணி நேர நடை. ஆனால் அந்த நடையைத் தவற விடாதீர்கள். சேம்பர்லெய்ன் பாலத்தைத் தாண்டி, படகுகள் கட்டிக் கிடக்கும் கேரினேஜ் கால்வாயைப் பார்த்துக்கொண்டே போனால் நாடாளுமன்றம், அதற்கு எதிரே நேஷனல் ஹீரோஸ் சதுக்கம். 1813லிருந்து அங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் சிலை நின்றது. 2020 நவம்பர் 16 அன்று அதை இறக்கினார்கள், அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று நாடு குடியரசானது.

பெரும்பாலான பஸ் நகரத்துக்குப் போய்த் திரும்புவதால் தெற்கிலிருந்து வடக்கே போக வேண்டுமென்றால் நகரத்தில் இறங்கி மாற வேண்டும். ஒரு விலக்கு உண்டு. ஆய்ஸ்டின்ஸிலிருந்து ஸ்பெய்ட்ஸ்டவுனுக்கு நகரத்தைத் தொடாமல் ஏ.பி.சி. நெடுஞ்சாலை வழியாக ஒரு பஸ் ஓடுகிறது, 'பைபாஸ்' என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கும். ஏ.பி.சி. என்பது ஆடம்ஸ், பேரோ, கம்மின்ஸ் என்ற மூன்று தலைவர்களின் பெயர். அந்த பஸ்ஸில் போகும்போதுதான் அப்பா சீட்டின் நுனிக்கு வந்தார்.

அந்தச் சாலை ரவுண்டானாக்களால் ஆனது. சிக்னல் குறைவு, வட்டம் அதிகம். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பெயர்ப் பலகை. நான் முதலில் கவனிக்கவில்லை, அப்பாதான் முழங்கையால் இடித்தார். கார்ஃபீல்ட் சோபர்ஸ் ரவுண்டானா. கொஞ்ச தூரம் போனதும் கிளைட் வால்காட். அப்புறம் எவர்ட்டன் வீக்ஸ். ஃபிராங்க் வொரெலுக்கும் ஒன்று இருக்கிறது. எல்லாரும் இந்தத் தீவில் பிறந்த கிரிக்கெட் வீரர்கள். நம் ஊரில் தலைவர்கள் பெயரைச் சாலைக்கு வைப்போம். இங்கே ஒருவர் வீட்டுக்கு வழி சொல்லும்போது 'வால்காட்டில் வலது பக்கம் திரும்பு, வீக்ஸில் நேரே போ' என்று சொல்கிறார்கள், கிரிக்கெட் தெரியாத குழந்தைக்கும் அந்தப் பெயர்கள் திசையாகத் தெரிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அவர்களைத் தெரியுமா?" என்று கேட்டார். அப்பா, 1958ல் சோபர்ஸ் ஆட்டமிழக்காமல் 365 எடுத்தது முதல் ஆரம்பித்தார். அந்த அம்மா இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடப் போகிறாரே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

அதனால் மறுநாள் கேவ் ஹில் போனோம். நகரத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒரு மேட்டில் இருக்கிறது, கீழே கடல். அங்கே 'த்ரீ டபிள்யூஸ் ஓவல்' என்ற மைதானம். வொரெல், வீக்ஸ், வால்காட் மூன்று பேரும் 18 மாத இடைவெளிக்குள், பிரிட்ஜ்டவுனின் டெஸ்ட் மைதானமான கென்சிங்டன் ஓவலுக்குப் பக்கத்திலேயே பிறந்தவர்கள், மூவர் பெயரும் ஆங்கிலத்தில் 'டபிள்யூ'வில் தொடங்கும். மைதானத்தைப் பார்த்தபடி மேட்டில் மூவரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1967ல் வொரெல், 2006ல் வால்காட், 2020ல் வீக்ஸ்.

அப்பா வொரெலின் கல்லறைக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். நான் சொல்ல நினைக்கவில்லை, அவராகவே செய்தார். 1962 மார்ச்சில் இதே தீவில், கென்சிங்டன் ஓவலில், பார்படோஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் நம் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து பட்டது. உயிருக்கே ஆபத்து, அறுவை சிகிச்சை, ரத்தம் வேண்டும். முதலில் கை நீட்டியவர்களில் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் வொரெலும் ஒருவர். அடுத்த டெஸ்டில் 21 வயது பட்டோடி கேப்டனானார், அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ரத்தம் கொடுத்தது அவ்வளவாக ஞாபகம் இருக்காது. கல்கத்தாவில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், வங்காள கிரிக்கெட் சங்கம் பிப்ரவரி 3 அன்று அவர் பெயரில் ரத்ததானம் நடத்துகிறது. 42 வயதில், ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார் வொரெல். அப்பா இதையெல்லாம் எனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். அங்கே நின்றபோது ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. கீழே மைதானத்தில் யாரோ புல் வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

கென்சிங்டன் ஓவல் நகரத்திலிருந்து நடந்து போகும் தூரம். வழியில் வெஸ்ட்பரி சாலைப் பக்கம் 'ரிஹானா டிரைவ்' என்ற தெருவும் இருக்கிறது, பாடகி வளர்ந்த வீடு அங்கேதான், 2017ல் பெயர் மாற்றினார்கள். மைதான வாசலில் சோபர்ஸ் சிலை. 1997ல் இங்கே 120 அடித்தால் ஜெயிக்கலாம் என்ற நிலையில் நம் அணி 81க்குச் சுருண்டது. அப்பா அன்று டிவியை அணைத்துவிட்டு, ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் இருந்தார். 2024 ஜூன் 29 அன்று இதே மைதானத்தில்தான் 7 ரன்னில் ஜெயித்து டி20 உலகக் கோப்பை வந்தது, சூர்யகுமார் எல்லைக் கோட்டில் பிடித்த அந்தக் கேட்ச். அடுத்த இரண்டாம் நாள் பெரில் புயல் வந்து அணியே தீவில் மாட்டிக்கொண்டது. கம்பி வேலி வழியாகப் பச்சையைப் பார்த்தபடி அப்பா ரொம்ப நேரம் நின்றார். "எந்தப் பக்கம் பிடிச்சான்?" என்று கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

பாத்ஷெபா போன நாளைத்தான் சொல்ல வேண்டும் என்று இந்தப் பதிவையே ஆரம்பித்தேன், அதற்குள் இவ்வளவு ஆகிவிட்டது.

பாத்ஷெபா கிழக்குக் கரை, அட்லாண்டிக் பக்கம். மேற்கே இருக்கும் கடல் தொட்டித் தண்ணீர் மாதிரி, கிழக்கே இருப்பது கர்ஜிக்கும். நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். தீவின் முதுகில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கும்போது சாலை செங்குத்தாகச் சரியும், திடீரென்று முழுக் கடலும் கண்ணாடியில் நிறையும். பஸ்ஸில் யாருமே பார்க்கவில்லை, அவர்களுக்குத் தினமும் பார்ப்பது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் வாயைப் பிளந்தோம். கரையில் அடி தேய்ந்து காளான் மாதிரி நிற்கும் பாறைகள். 1880களிலிருந்து 1937 வரை பிரிட்ஜ்டவுனிலிருந்து இங்கே ரயில் ஓடியது. பாதையைக் கடல் அரித்தது, வண்டி மேடு ஏற முடியாமல் திணறியது. முதல் வகுப்புக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இரண்டாம் வகுப்பு இறங்கி நடக்கும், மூன்றாம் வகுப்பு இறங்கித் தள்ளும் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பாதை இப்போது நடக்கிற பாதை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்காரர்கள் தீவின் ஒவ்வொரு மூலையிலும் இப்படி நடைப்பயணம் அழைத்துப் போகிறார்கள். வேகத்துக்கு ஏற்ப மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள், மெதுவாகப் போகிற கூட்டத்தின் பெயர் 'நின்று பார்' என்ற அர்த்தத்தில் இருக்கும். எங்கள் வாரத்தில் ஞாயிறு வாய்க்கவில்லை.

மாலை திரும்ப பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். பலகை சரியான பலகைதான், பக்கம் சரியான பக்கம்தான். அப்பா பாறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், நான் கம்பத்தின் கீழேயே நின்றேன், பஸ் வந்தது, நிற்காமல் போய்விட்டது. கையை நீட்டினால்தான் நிற்கும், நிறுத்தத்தில் நின்றாலும் கையை நீட்ட வேண்டும். இசட்.ஆர். தானாகவே வந்து ஏற்றிக்கொள்வதால் எனக்கு அது தெரியாமலே போய்விட்டது. அடுத்த பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று எதிர்ப்பக்கம் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா குரல் கொடுத்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டார். மறுக்க முடியாத மாதிரி போட்டார்.

அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மரவீடு, சின்னது, நடுவில் கதவு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல், தலையில் செங்குத்தான தகரக் கூரை. கீழே பார்த்தால் அஸ்திவாரம் இல்லை. பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக, சிமெண்டு இல்லாமல் அடுக்கி, அதன்மேல் வீட்டை உட்கார வைத்திருக்கிறார்கள். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது, ஒரு கோழி உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. இதைச் சாட்டல் வீடு என்கிறார்கள். சாட்டல் என்றால் எடுத்துக்கொண்டு போகக்கூடிய சொத்து. 1838ல் அடிமைத்தனம் முழுதாக ஒழிந்த பிறகும் நிலம் முழுக்கத் தோட்ட முதலாளிகளிடமே இருந்தது. விடுதலையான மக்கள் தோட்டத்து மண்ணிலேயே வாடகைக்கு இருந்து கரும்பு வெட்ட வேண்டியிருந்தது. முதலாளியோடு தகராறு என்றால் வெளியேற்றிவிடுவான். அதனால் வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி வண்டியில் ஏற்றி அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி கட்டினார்கள். அந்த அம்மாவின் தாத்தா இதே வீட்டை இரண்டு முறை இடம் மாற்றியிருக்கிறார். ஒரு முறை பகலில் கழற்றி ராத்திரிக்குள் நிறுத்திவிட்டார்களாம், கட்டிலில் படுத்துக்கொண்டு கூரை ஏறுவதைப் பார்த்ததாக அவருடைய அம்மா சொல்வாராம்.

அப்பா என்னிடம் தமிழில் கேட்டார், "நம்ம ஆளுங்க இங்கே கூலிக்கு வரலையா?" வரவில்லை. டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் மார்டினிக், குவாதலூப்புக்கும் கப்பல் கப்பலாகப் போனார்கள், அவர்களில் நம்மவர்கள் உண்டு. பார்படோஸ் இந்தியாவிலிருந்து யாரையும் ஒப்பந்தக் கூலியாகக் கூட்டி வரவில்லை, அதற்குத் தேவையே இருக்கவில்லை. மற்ற தீவுகளில் காலி நிலம் இருந்தது, விடுதலையானவர்கள் மலைப்பக்கம் போய்த் தங்களுக்கென்று பயிர் செய்ய முடிந்தது. இங்கே கையளவு நிலம் விடாமல் கரும்பு. போக இடம் இல்லாதவர்கள் அதே தோட்டத்தில் நின்றார்கள். நான் கேள்வியை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னதும் அந்த அம்மா தலையை ஆட்டினார். "எங்களுக்குப் போக்கிடம் இல்லை, அதனால் வீட்டையே நடக்க வைத்தோம்" என்றார்.

இருட்டத் தொடங்கும்போது பஸ் வெளிச்சம் மேட்டில் தெரிந்தது. அவர் எங்களுக்கு முன்னால் சாலைக்குப் போய்க் கையை நீட்டி நின்றார், டிரைவரிடம், இவர்களை ஃபேர்சைல்ட் தெருவில் இறக்கி ஆய்ஸ்டின்ஸ் பஸ்ஸைக் காட்டிவிடு என்று சொல்லி அனுப்பினார். டிரைவர் அதே மாதிரி செய்தார், இறங்கி வந்து விரலால் காட்டினார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன் எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள், எந்த டாலரில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கம் போனால் திரும்பும் பஸ்ஸை டிரைவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல சாலைகளில் நடைபாதை இல்லை, இருட்டிய பிறகு நடப்பது சரியில்லை, ஆனால் ஹேஸ்டிங்ஸில் கடலை ஒட்டிப் போடப்பட்ட நடைபாதை மாலையில் வயதானவர்களுக்கு அருமையான இடம். பள்ளி விடும் நேரத்தில் பெட்டியோடு பஸ் ஏறாதீர்கள். சீருடைப் பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்தில் இலவசம், மொத்தப் பள்ளியும் ஏறும்.

திரும்பும் நாள் விமான நிலையத்துக்கும் பஸ்ஸிலேயே போனோம், ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டிதான். 'அவுட் ஆஃப் சிட்டி' கம்பத்தடியில் நின்று நான் பையைக் கவிழ்த்தேன். இரண்டு பேருக்கு ஏழு டாலர் வேண்டும். என்னிடம் நாலு நாணயம் இருந்தது. அப்பாவின் சட்டைப் பையில் வொரெல் ஏழெட்டுப் பேர். "ஒரு நோட்டோட ரெண்டு காசு போட்டா சரியா ஏழு ஆயிடும்பா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பேண்ட் பையில் கையை விட்டுத் துழாவினார். விரலால் மூலையைத் தடவித் தடவி ஒவ்வொன்றாக மூன்று எடுத்தார். நீல பஸ் வளைவில் தெரிந்தது. அப்பா கையை நீட்டினார்.